எழுதுவதா, எண்ணுவதா, நேரம் பார்ப்பதா: தோட்டப் பாடசாலைக்கு ஏற்ற நடத்தைப் பதிவு முறை எது?

தரம் மூன்றில் படிக்கும் ஒரு மாணவனைப் பற்றி முன்னைய வகுப்பாசிரியர் எழுதி வைத்திருந்த குறிப்புக் கொப்பி சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. ஒரு தவணை முழுவதற்குமான அந்தக் கொப்பியில் இருந்தவை ஏறத்தாழ ஒரே செய்தியின் வெவ்வேறு வடிவங்களே: "வகுப்பில் அடங்கி இருப்பதில்லை", "இன்றும் வெளியே ஓடிவிட்டான்", "சொல் கேட்பதில்லை." எழுதியவர் அக்கறையற்றவர் அல்லர், முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு நடுவே நாள்தோறும் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார். ஆயினும் அவனை விசேட கல்வி அலகுக்கு மாற்றுவதா, வகுப்பிலேயே வைத்துக்கொண்டு வேறு ஏதேனும் செய்து பார்ப்பதா என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தபோது, அவன் எத்தனை முறை ஓடினான், எந்தப் பாடவேளையில் ஓடினான், எவ்வளவு நேரம் வெளியே இருந்தான், ஓடுவதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அந்தக் கொப்பியில் பதில் இருக்கவில்லை.

நடத்தையை அளந்து, அதை மாற்றும் வழிகளை ஆராயும் பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை தனக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கிய 1968 ஆம் ஆண்டிலேயே, டொனால்ட் பேயர், மொன்ட்றோஸ் வுல்ஃப், டொட் ரிஸ்லி ஆகிய மூவரும் அதன் முதல் இதழில் எழுதிய கட்டுரையில், ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்பதை அத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தார்கள். அதன்பின் வகுத்தும் திருத்தியும் எடுக்கப்பட்ட பதிவு முறைகள் பல. ஆனால் அவற்றை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும், பயிற்சி பெற்ற அவதானிப்பாளர் ஒருவர் கையில் கடிகாரத்துடன் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணியே எழுதப்பட்டவை. இலங்கை மலையகத்தில், ஹற்றனிலோ மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அப்படி ஒருவரை எதிர்பார்க்க முடியாது. பாடம் நடத்துபவரே பதிவும் எடுக்கிறார். வீட்டில் பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியே அவதானிப்பாளர். ஆகையால் கீழே முறைகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்: எடுக்க வேண்டிய முடிவுக்கு இந்தப் பதிவு போதுமா? பதிவு எடுப்பவரின் மிகக் கடினமான நாளிலும் இது விடுபடாமல் நடக்குமா?

எந்த முறையைத் தெரிவுசெய்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது நடத்தையை வரையறுப்பது. "குழப்படி" என்பது வரையறை அன்று. "இருக்கையிலிருந்து எழுந்து, இரண்டு கால்களும் வகுப்பறை வாசற்படியைத் தாண்டுதல், ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போனால் சேராது" என்பது வரையறை. இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே இடத்தில் கோடு போடக்கூடியதாக அது இருக்க வேண்டும். 1960களில் நடத்தை ஆய்வாளர் ஒக்டன் லிண்ட்ஸ்லி இதற்கொரு சோதனையைச் சொன்னார்: பிணத்தாலும் செய்ய முடிந்தது நடத்தை ஆகாது. "சத்தம் போடாமல் இருத்தல்", "ஓடாமல் இருத்தல்" ஆகியவற்றை இலக்காக வைத்துப் பதிவு எடுப்போர் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறார்கள். அவ்விடத்தில் "கொப்பியில் எழுதுதல்", "கேட்ட கேள்விக்கு விடை சொல்லுதல்" என்று வைத்தால் பதிவுக்கும் உயிர் வரும், பிள்ளைக்குக் கற்பிக்கவும் ஒன்று கிடைக்கும்.

முதல் தெரிவு, நடந்ததை நடந்தபடி எழுதுவது. ஒரு தாளை மூன்றாகப் பிரித்து, முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று எழுதும் இந்த வழக்கம், சிட்னி பிஜூ, றொபர்ட் பீற்றர்சன், மேரியன் ஓல்ட் ஆகியோர் 1968 இல் இயல்பான சூழலில் பிள்ளைகளை அவதானிப்பது பற்றி எழுதியதிலிருந்து பரவியது. இதன் பலம், நாம் எதிர்பாராததும் தாளில் வந்து விழுவதற்கு இடம் இருப்பது. "9.10, கரும்பலகையில் நான்காம் வரியை எழுதினேன், அவன் பென்சிலைக் கீழே வைத்தான், வாசலைப் பார்த்தான், ஓடினான், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை" என்ற ஒரு பதிவு, பழைய கொப்பியின் பத்துப் பக்கத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஆனால் விலை பெரியது. அவன் ஓடிய அதே கணத்தில் ஆசிரியர் அவனைத் தேட வேண்டும், மற்றப் பிள்ளைகளை அமர்த்த வேண்டும். எழுதுவது இடைவேளைக்குத் தள்ளிப்போகும். இடைவேளையில் எழுதும்போது நினைவில் நிற்பது முன்நிகழ்வு அன்று, நமக்கு வந்த கோபம். ஒருமுறை என் தாளைத் திரும்பப் படித்தபோது, முன்நிகழ்வுப் பத்தியில் மூன்று இடங்களில் "காரணமில்லாமல்" என்று எழுதியிருந்ததைக் கண்டேன். அது அவதானிப்பு அன்று. நான் பார்க்கவில்லை என்பதை வேறு சொல்லால் எழுதியது. எனவே இந்த முறையை நான் மூன்று நாட்களுக்கு மேல் நீட்டுவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று கண்டுகொள்ள அது உதவும். கூடுகிறதா குறைகிறதா என்று அறிய உதவாது.

அதே மூன்று பத்திகளையும் முன்கூட்டியே அச்சடித்து, "கட்டளை கொடுக்கப்பட்டது", "கவனம் கிடைத்தது", "பொருள் பறிக்கப்பட்டது" எனச் சரி அடையாளம் மட்டும் போடும் தாளும் உண்டு. விரைவானது. ஆயினும் தாளில் இல்லாத காரணம் ஒருபோதும் பதிவாகாது. எங்கள் பிள்ளையின் காரணம் அப்படி எந்தத் தாளிலும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

இதற்கு அடுத்ததாக நான் பரிந்துரைப்பது கட்டத்தாள். 1985 இல் போல் டுஷெற்றும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சிதறல் வரைபடம் என்பதன் எளிய வடிவம் இது. நாட்களைக் குறுக்கேயும் நேரத்தை நெடுக்கேயும் வைத்துக் கட்டம் போட வேண்டும். நடத்தை நிகழாத கட்டம் வெறுமை, சில முறை நிகழ்ந்தால் ஒரு சாய்கோடு, பல முறை நிகழ்ந்தால் முழுக் கருப்பு. அவர்கள் நாளைச் சமமான நேரத் துண்டுகளாகப் பிரித்த இடத்தில் நாங்கள் பாடவேளைகளை வைத்துக்கொண்டோம். நாளுக்கு எட்டு 40 நிமிடப் பாடவேளைகள். பத்துப் பாடசாலை நாட்களுக்கு 80 கட்டங்கள். ஒவ்வொரு பாடவேளையின் மணி அடிக்கும்போதும் ஒரே ஒரு அடையாளம். எழுத வேண்டிய சொல் எதுவும் இல்லை. இரண்டு கிழமைகளில் ஒரு நாளேனும் விடுபடாமல் என்னால் முடிக்க முடிந்த ஒரே பதிவு இதுதான்.

இந்தத் தாளில் எல்லோருக்கும் ஒழுங்கு தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், பலருடைய வரைபடங்களை வெறும் கண்ணால் பார்த்தபோது நம்பத்தக்க ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. எங்கள் மாணவனின் தாளில் தெரிந்தது. கருப்புக் கட்டங்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் பாடவேளைகளில் நெருங்கிக் கிடந்தன. உடற்கல்வி, சித்திரம், கணிதம் ஆகியவற்றில் வெறுமை. அதைவிட வியப்பாக, நான்கு நாட்கள் முழுவதுமே வெறுமை. அந்த நான்கு நாட்களில் என்ன வேறுபட்டிருந்தது என்று இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் சொன்னார், அவை மழை கொட்டிய நாட்கள் என்று. எங்கள் கட்டடம் தகரக் கூரை போட்டது. மழை பிடித்துவிட்டால் குரல் எடுபடாது. அப்படிப்பட்ட நேரத்தில் கரும்பலகைப் பாடத்தை நிறுத்திவிட்டுப் படத்தாளைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆகவே மழை அவனை அமைதிப்படுத்தவில்லை. மழை நாளில் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலை இருக்கவில்லை.

அன்றிலிருந்து கட்டத்தாளின் அடியில் வானிலைக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். மலையகத்தில் இது சிறிய விடயம் அன்று. ஹற்றன் பக்கத்துச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் நல்ல மழை. தெரியாமல் ஜூன் மாதத்தில் தொடங்கி அடுத்த பெப்ரவரியில் ஒப்பிட்டால், நடத்தை மாறியதா வகுப்பு நடந்த விதம் மாறியதா என்று பிரித்தறிய முடியாது.

அடுத்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இதை ஆசிரியர்கள் பதிவு முறையாகவே கருதுவதில்லை. நடத்தை நிகழும்போது பாராமல், அது விட்டுச்செல்லும் தடத்தைப் பின்னர் அளப்பது இது. விளைபொருட் பதிவு என்று சொல்லலாம். தோட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் ஒருவரின் கை எத்தனை முறை செடிக்கும் கூடைக்கும் போய்வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. நிறுவைக்கு வந்த கொழுந்தே அன்றைய உழைப்பின் பதிவு, அதுவே செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டுக்குப் போகிறது. நிறுவையில் இருக்கும் குறையும் இந்த முறைக்கு அப்படியே உண்டு: கொழுந்து யார் பறித்தது, முற்றல் இலை எவ்வளவு கலந்தது, செடி எப்படி இருந்தது என்பதைத் தராசு சொல்லாது. வகுப்பில் அந்தத் தராசு, பிள்ளையின் கொப்பி.

எங்கள் மாணவனின் தமிழ்க் கொப்பியையும் சுற்றாடல் கொப்பியையும் தவணைத் தொடக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு நாளும் எத்தனை வரி எழுதியிருக்கிறான் என்று மட்டும் ஓரத்தில் குறித்தேன். வகுப்புக்குக் கரும்பலகையில் பத்து, பன்னிரண்டு வரி எழுதப்பட்ட நாட்களில், அவன் எழுத்து நான்காம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் இடையில் நின்றிருந்தது. நின்ற இடத்துக்கு முந்திய வரியில் எழுத்துகள் பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கியிருந்தன. நான் அவதானிக்கத் தொடங்குவதற்கு முன்பே நடந்த நாட்களையும் இப்படித் திரும்பிப் பார்க்க முடிந்தது என்பது இந்த முறைக்கு மட்டுமே உள்ள சிறப்பு. நான் பக்கத்தில் நிற்பதால் பிள்ளை வேறுவிதமாக நடந்துகொள்வான் என்ற சிக்கலும் இதில் இல்லை. அவன் அந்த வரிகளை எழுதியபோது, அவற்றை ஒருவர் எண்ணப்போகிறார் என்று அவனுக்குத் தெரியாது. மாலையில் வீட்டில் அமர்ந்து எடுக்கலாம் என்பது ஆசிரியருக்குக் கூடுதல் வசதி. தடம் விடாத நடத்தைகளுக்கு, அதாவது கத்துதல், ஓடுதல், அடித்தல் போன்றவற்றுக்கு நேரடியாக இது பயன்படாது. ஆயினும் அவற்றோடு மோதிக்கொள்ளும் வேலை எது என்பதை இதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். என்னுடைய முதல் மூன்று நாள் தாளில் ஒவ்வொரு ஓட்டத்தின் பின்விளைவாகவும் "ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தார்" என்றே இருந்தது. அதை மட்டும் பார்ப்பவர், பிள்ளை கவனத்தைத் தேடி ஓடுகிறான், கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடும் என்று முடிவு செய்வார். எங்களில் சிலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு பிள்ளை ஆபத்தாக எதையாவது செய்தால் பெரியவர்கள் கவனிப்பது எல்லா இடத்திலும் நடப்பது. 2007 இல் றேச்சல் தொம்ஸனும் பிறையன் இவாற்றாவும் இயல்பான சூழலில் எடுத்த அவதானிப்பையும் திட்டமிட்ட சோதனையையும் ஒப்பிட்டபோது, நடத்தைக்குப் பின் அதிகம் காணப்பட்டது கவனம் என்றும், பலருக்கு உண்மையான காரணம் அதுவல்ல என்றும் கண்டார்கள். பின்னால் வருவது எல்லாம் காரணம் ஆகிவிடாது. இவாற்றா தம் குழுவினருடன் 1982 இல் வெளியிட்ட சோதனை முறை, கவனம், வேலை, தனிமை, விளையாட்டு என்று சூழ்நிலைகளை வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமைத்துப் பார்ப்பது. தன்னையே காயப்படுத்தும் பிள்ளைகளிடம் அதைப் பயிற்சியும் மருத்துவ மேற்பார்வையும் இல்லாமல் யாரும் செய்து பார்க்கக் கூடாது. அதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆனால் ஆசிரியரின் அதிகாரத்துக்குள் அடங்கும் சிறு மாற்றம் ஒன்றைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. இரண்டு கிழமைகள், ஒரு நாள் வகுப்போடு முழுப் பாடமும், மறுநாள் அவனுக்கு மட்டும் ஐந்து வரியும் மீதியை வாசித்துச் சொல்வதும் என்று மாற்றி மாற்றி வைத்தோம். இரண்டு வகை நாட்களிலும் அவன் ஓடினால் என் பதில் ஒன்றுதான்: ஒருமுறை பெயர் சொல்லி அழைப்பது. முழுப் பாட நாட்களில் முன்போலவே ஓடினான். ஐந்து வரி நாட்களில் ஒரு நாள் மட்டும் ஓடினான், அதுவும் விரைவில் திரும்பி வந்தான். என் கவனம் இரண்டிலும் ஒன்றாக இருக்க, மாறியது எழுத்தின் அளவு மட்டும் என்பதால், விசேட கல்வி அலகுக்கு அனுப்பும் பேச்சை அதிபருடன் அன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

எண்ணுவதா, நேரம் பார்ப்பதா என்ற கேள்வி இதற்குள்ளேயே எழுந்தது. எண்ணிக்கைப் பதிவு எல்லாவற்றிலும் எளியது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் எடுக்கும் நடத்தைகளுக்குப் பொருந்தும். ஓடிப்போதலுக்குப் பொருந்தாது. ஒரே முறை ஓடி 14 நிமிடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே நின்றுவிட்டு வந்தால், எண்ணிக்கை "ஒன்று" என்று காட்டும். 40 நிமிடப் பாடத்தில் 35 வீதம் போய்விட்டது என்பதை மறைத்துவிடும். மூன்று முறை வாசலைத் தாண்டி உடனே திரும்பினால் "மூன்று" என்று பயமுறுத்தும். இதற்கு நிறுத்தற் கடிகாரம் தேவையில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "வெளியே 9.12, உள்ளே 9.26" என்று இரண்டு எண்களை எழுதினால், எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த வேளை என்ற மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிடும். வகுப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு நான் வேறு முறையைத் தெரிவுசெய்வதில்லை. கட்டளை கொடுத்ததிலிருந்து செய்யத் தொடங்கும் வரையான தாமதத்தை அளக்கவும் இதே இரண்டு எண்கள் போதும்.

எண்ணிக்கை சரியாகப் பொருந்திய இடம் ஒரு வீடு. ஓட்டிசம் உள்ள ஆறு வயதுப் பெண்பிள்ளை, தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். முதலில் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமும் பின் வைத்தியசாலையிலும் பல், காது ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னோம். வலிக்காகக் கடிக்கும் பிள்ளையின் கடியை எண்ணிக்கொண்டிருப்பது கொடுமை. அதில் ஒன்றும் இல்லை என்று ஆனபின்பே பதிவுக்கு வந்தோம். பாடசாலை விட்டு வந்ததிலிருந்து தாய் மலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளை அப்பாயியிடம் (தந்தையின் தாயிடம்) இருக்கிறாள். அவரிடம் ஒரு தாளை நீட்டியபோது அவர் சொன்னது: "எழுதத் தெரியாது டீச்சர். எண்ணத் தெரியும். முப்பது வருசமா என் கிலோவ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் கணக்கப்பிள்ளகிட்டப் பேசியிருக்கேன்." அன்றே தாளை மடித்து வைத்துவிட்டு, இரண்டு தகர டப்பாவும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டோம். கடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கொட்டை இடது டப்பாவிலிருந்து வலது டப்பாவுக்குப் போகும். கை வாயிலிருந்து வெளியே வந்து மீண்டும் போனால் புதிய கொட்டை. தாய் வந்ததும் எண்ணி, வந்த நேரத்தோடு நாட்காட்டியில் எழுதுவார்.

வந்த நேரத்தை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை 12 என்றால் மணிக்கு நான்கு. நிறுவை தாமதமாகி ஆறு மணிக்குத் தாய் வந்த நாளில் அதே 12 என்றால் மணிக்கு மூன்று. அவதானித்த நேரம் நாளுக்கு நாள் மாறும்போது வெறும் எண்ணிக்கையை ஒப்பிடுவது, அரைநாள் வேலையின் கொழுந்தை முழுநாள் வேலையின் கொழுந்தோடு ஒப்பிடுவதற்குச் சமம். கடித்த இடத்தில் தோல் கிழிந்ததா என்பதையும் தனியாக எழுதச் சொன்னோம். எண்ணிக்கை குறைந்து காயம் கூடினால் அது முன்னேற்றம் ஆகாது.

காலத்துண்டு முறைகள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. பயிற்சிப் பட்டறைகளில் அதிகம் பேசப்படுபவை இவையே. பாடவேளையைச் சமமான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நடத்தை ஒரு கணமேனும் நிகழ்ந்ததா என்று பார்ப்பது பகுதித்துண்டுப் பதிவு. துண்டு முழுவதும் நீடித்ததா என்று பார்ப்பது முழுத்துண்டுப் பதிவு. துண்டு முடியும் அந்தக் கணத்தில் மட்டும் நிமிர்ந்து பார்ப்பது கணநேர மாதிரி. ஒரே பிள்ளை ஒரே பாடவேளையில் மூன்று முறை எழுந்து, ஒவ்வொரு முறையும் 20 வினாடி நின்றான் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 40 நிமிடத்தில் ஒரு நிமிடம், அதாவது 2.5 வீதம். ஐந்து நிமிடத் துண்டுகள் எட்டில், மூன்று வெவ்வேறு துண்டுகளில் அவை விழுந்தால், பகுதித்துண்டு 37.5 வீதம் என்று சொல்லும். முழுத்துண்டு பூச்சியம் என்று சொல்லும். கணநேர மாதிரி பெரும்பாலும் பூச்சியத்தைக் காட்டும், தற்செயலாக ஒரு கணம் பொருந்தினால் 12.5 வீதத்தைக் காட்டும். பகுதித்துண்டு நடத்தை நீடித்த நேரத்தைக் கூட்டியே காட்டும், முழுத்துண்டு குறைத்தே காட்டும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஒரு பிள்ளையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் "37.5 வீதம்" என்ற எண் மேசையில் வைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணோடு முறையின் பெயரும் துண்டின் நீளமும் எழுதப்படாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

தனியொரு ஆசிரியருக்கு இம்மூன்றிலும் நடைமுறையானது கணநேர மாதிரி மட்டுமே. மற்ற இரண்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்கின்றன. சட்டைப் பையில் கைபேசியை அதிர்வில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்போது நிமிர்ந்து பார்த்தால், ஒரு பாடத்துக்கு 20 பார்வைகள் கிடைக்கும். எழுதிக்கொண்டிருத்தல், வாசித்தல் போன்று நீண்டு நிகழும் நடத்தைக்கு அது நல்ல மதிப்பீட்டைத் தரும். சட்டென்று நடந்து முடியும் அடி, கடி ஆகியவற்றைத் தவறவிட்டுவிடும். இதே பார்வையில் வகுப்பு முழுவதையும் எண்ணலாம்: 34 பேரில் 26 பேர் எழுதிக்கொண்டிருந்தால் 76 வீதம். பத்தாம் வரியில் வகுப்பில் பாதிப் பேரும் எழுதாமல் இருந்தார்கள் என்று ஒரு நாள் கண்டபோது, பிரச்சினை ஒரு பிள்ளையுடையது மட்டும் அன்று என்பதும் புரிந்தது.

எந்த முறையானாலும், கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் இன்னொருவரும் தனியாகப் பதிவெடுக்க வேண்டும். எங்களுக்கு அது கட்டுறுபயிற்சிக்கு வந்திருந்த ஆசிரிய மாணவி. ஒருவர் 8 என்றும் மற்றவர் 10 என்றும் எழுதினால், சிறியதைப் பெரியதால் வகுத்து 80 வீத உடன்பாடு. வழக்கமாக அதற்குக் கீழே போனால் வரையறையைத் திருத்த வேண்டும் என்பார்கள். இருவரும் வெவ்வேறு எட்டைப் பார்த்திருக்கவும் கூடும் என்பதால், நேரம் எழுதிய பதிவுகளை வரிக்கு வரி ஒப்பிடுவதே நல்லது. தவணையின் முதல் கிழமையில் ஓட்டம் என்று எண்ணாததைக் கடைசிக் கிழமையில் களைப்பினால் ஓட்டம் என்று எண்ணிவிடுகிறோம். அதையும் இந்த இரண்டாம் கண் மட்டுமே பிடிக்கும்.

வீடியோவைப் பலர் கேட்கிறார்கள். ஐயத்தைத் தீர்க்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. ஒரு பிள்ளை அழுது புரளும் காட்சி யாருடைய கைபேசிக்குப் போகும் என்று பெற்றோரால் அறிய முடியாது. எழுத்தில் பெற்றோரின் சம்மதம் வாங்கி, பார்த்து முடித்ததும் அழிப்பதாக உறுதி சொல்ல முடியாத இடத்தில் நான் அதைத் தெரிவுசெய்ய மாட்டேன். பிற மாணவர்களைக் கொண்டு ஒரு மாணவனைப் பதிவெடுக்கச் சொல்வதை அறவே தவிர்க்கிறேன். அதுபோலவே, கையை அசைத்தல், உடலை முன்பின் ஆட்டுதல் போன்று யாருக்கும் தீங்கு செய்யாதவற்றை எண்ணக் கேட்டாலும் மறுக்கிறேன். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சிறுவயதில் அவற்றை அடக்கியதால் தாங்கள் பட்டதைச் சொல்லி வருகிறார்கள். எண்ணத் தொடங்கிய எதையும் குறைக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு வந்துவிடுகிறது.

ஆகவே எங்களுடையதைப் போன்ற வகுப்பொன்றில் எதைத் தெரிவுசெய்வது என்று பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர் கேட்டால், நான் சொல்வது இது. மூன்று நாள் மட்டும் நடந்ததை எழுதுங்கள். பத்து நாள் கட்டத்தாளும், மாலையில் கொப்பி வரிகளும். அதற்குப்பின் பாட நேரத்தில் எடுக்க ஒரே ஒரு அளவீட்டைத் தெரிவுசெய்து அதையே தொடருங்கள்: வெளியேறுவதற்கு நேரம், கடிப்பதற்கு எண்ணிக்கை, எழுதுவதற்குக் கணநேர மாதிரி. இரண்டை ஒன்றாக எடுக்க முயன்ற கிழமைகளில் எனக்கு இரண்டுமே பாதியில் நின்றிருக்கின்றன. தாளில் வெறுமையான கட்டம் மட்டும் இருக்கக் கூடாது. பார்த்தேன், நடக்கவில்லை என்றால் பூச்சியம், பிள்ளை வரவில்லை அல்லது நான் பார்க்கவில்லை என்றால் சிறு கோடு. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளாததால் எனது முதற்கிழமைக் கட்டங்கள் சிலவற்றை எறிய வேண்டியிருந்தது.

அந்த மாணவனுக்கு இப்போது நான் தொடர்ந்து எடுப்பது கொப்பி வரிகளும், வெளியேறினால் இரண்டு நேரங்களும் மட்டுமே. ஐந்தில் தொடங்கிய வரி ஏழுக்கு வந்திருக்கிறது. எட்டாக்குவதா, அல்லது ஏழிலேயே நிறுத்தி எழுத்தின் அளவும் வடிவமும் சீராகும் வரை பொறுப்பதா என்பதே எங்கள் முன்னுள்ள அடுத்த முடிவு. அடுத்த பத்து நாட்களில் ஏழாம் வரியின் எழுத்துகள் கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து அதைத் தீர்மானிக்கப் போகிறோம்.